உடுவில் மிசன் இல்லம்: ஹரியற் வின்ஸ்லோவின் நினைவுநூல் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பகுதியை எழுதப் புகுவோர் எவரும் அமெரிக்க மிசனரிமாரை ஒதுக்கிவிட்டுச் செல்வதில்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி, 1841இல் வெளிவந்த 'உதயதாரகை', 1842இன் மானிப்பாய் அகராதி, கிறீன் வைத்தியரின் மருத்துவ நூல்கள், 1862இல் சென்னையில் அச்சேறிய மிரன் வின்ஸ்லோவின் பேரகராதி எனத் தொடரும் அப்பட்டியல் தமிழ் பயிலும் மாணவர்க்கு ஏறத்தாழ மனப்பாடமாகிவிட்டது. ஆயின் அந்நூல்களை ஆக்கியோர் எத்தகைய வீட்டில் வாழ்ந்தனர், அவர்தம் பிள்ளைகள் எம்மொழியிற் பேசி விளையாடின, அவர்களுக்குச் சோறு சமைத்தவர் யார், துணி வெளுத்தவர் யார் என்னும் வினாக்கள் இலக்கிய வரலாற்றுக்குப் புறம்பானவை என்றே கருதப்பட்டு வந்துள்ளன. அகராதி ஒன்றின் சொற்றொகை 67,000க்கு மேற்பட்டது எனக் கணக்கிட்டுக் கூறும் ஆய்வுமரபு, அவ்வகராதிக்காரர் தமிழ் பயின்ற வீட்டின் நாளாந்த வாழ்வைக் கணக்கில் எடுத்ததில்லை. அவ்வீட்டை உள்ளிருந்து காட்டும் நூல் ஒன்று இருந்தும் நிலைமை இதுவே.

'ஹரியற் வாட்ஸ்வேர்த் வின்ஸ்லோ அம்மையாரின் நினைவுநூல்' 1835இல் நியூயோர்க்கில் வெளியிடப்பட்டது. இலங்கை மிசனின் சுருக்க வரலாற்றையும் உள்ளடக்கியது என அதன் தலைப்புப் பக்கமே அறிவித்துக்கொள்கிறது. ஹரியற் அம்மையார் 1796இல் கனெற்றிக்கற் மாநிலத்தின் நோர்விச் நகரிற் பிறந்தவர். 1819 சனவரியில் மிரன் வின்ஸ்லோவை மணந்து, அவ்வாண்டு யூன் மாதம் பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து 'இந்துஸ்' என்னும் கப்பலிற் புறப்பட்டார். ஸ்போல்டிங், ஸ்கடர், வூட்வேட் ஆகியோரும் அவர்தம் மனைவியரும் அதே கப்பலில் வந்தவர்கள். 1820இல் வின்ஸ்லோ தம்பதியர் உடுவிலில் குடியமர்ந்தனர். 1824இல் அம்மையார் அங்கே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். 1833 சனவரி 14ஆம் நாள், முப்பத்தாறாவது வயதில், உடுவிலிலேயே காலமானார். நூலிற் காணப்படும் வெளிப்புறச் செய்திகள் இவ்வளவே எனலாம். எஞ்சியவை நாட்குறிப்புகளும் கடிதங்களும், அவற்றை இணைக்கும் கணவரின் உரையுமாம்.

இந்நூலை மதிப்பிடப் புகும் திறனாய்வாளன் முதற்கண் நோக்க வேண்டியது அதன் வகையையே. மிசனரி மனைவியின் நினைவுநூல் என்பது அக்கால அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நன்கு நிலைபெற்ற ஓர் இலக்கிய வகை. இதற்குப் பெருவழி திறந்தவர் ஹரியற் நியூவெல். 1812இல் தம் கணவர் சாமுவேல் நியூவெலுடன் கல்கத்தாவுக்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பனியால் அனுமதி மறுக்கப்பெற்று, மொரீசியஸ் தீவுக்குச் செல்லும் கடல்வழியிற் பிறந்த குழந்தையைப் பறிகொடுத்து, அத்தீவில் அவ்வாண்டு நவம்பரில் பத்தொன்பதாவது வயதில் அவர் இறந்தார். ஒரு நாள்கூட மிசன் பணி ஆற்றாத அவ்விளம்பெண்ணின் வாழ்க்கை வரலாறு அமெரிக்க வீடுகளில் விரும்பிப் படிக்கப்பட்டது. மனைவியை இழந்த சாமுவேல் நியூவெல் பின்னர் இலங்கைக்கு வந்து தங்கியதும், யாழ்ப்பாணத்தில் மிசன் அமைவதற்கு அது வழிவகுத்ததும் தனிக்கதை. கொழும்பிலும் இவ்வகை நூல் ஒன்றுக்குக் களம் அமைந்தது. 1815இல் கொழும்பு வந்த உவெஸ்லியன் மிசனரியும் அச்சுத்தொழில் வல்லவருமான வில்லியம் ஹாவட் தம் மனைவி எலிசபெத்தின் வாழ்க்கையை அவரது நாட்குறிப்பையும் கடிதங்களையும் கொண்டு தொகுத்து வெளியிட்டார். 1816இல் திறக்கப்பெற்ற புறக்கோட்டை மெதடிஸ்த ஆலயத்தைக் கட்டிய தலைமுறையின் வீட்டுவாழ்வு அந்நூல்வழியே வெளியுலகுக்குத் தெரியவந்தது. இரு நூல்களுக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு: எழுதியவள் மனைவி, தெரிந்தெடுத்தவர் கணவர், வாசித்தோர் கடலுக்கு அப்பாலிருந்து காணிக்கை அனுப்பிய சபையார்.

ஆகவே இந்நூலில் வரும் 'நான்' என்னும் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளுதல் தவறு. அம்மையார் எழுதியவற்றுள் எது விடப்பட்டது என்பதை அறிய வழியில்லை. கணவனும் மனைவியும் பிணங்கிய ஒரு நாளேனும் பதின்மூன்று ஆண்டு உடுவில் வாழ்க்கையில் இருந்திராது என எவரும் நம்பார். நூலிலோ அதற்கு இடமில்லை. மரணத்தின் ஒளி முன்கூட்டியே பக்கந்தோறும் வீழ்த்தப்பட்டிருக்கிறது. இவ்வகை நூல்களில் நாயகி எப்பொழுதும் ஆயத்தமாகவே இருக்கிறாள். இது வகையின் குறை, அம்மையாரின் குறையன்று. அவ்வகை விதித்த கட்டுக்களையும் மீறி, வீட்டின் அன்றாடச் சத்தம் எங்கெங்கே கேட்கிறது என்பதைக் காண்பதே வாசகனின் வேலை.

வீட்டிலிருந்தே தொடங்குதல் பொருத்தம். அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்திற் கட்டிய முதல் வீடுகள் அவர்கள் கட்டியவை அல்ல. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகிய இடங்களிற் போர்த்துக்கேயர் எழுப்பி ஒல்லாந்தர் கைமாற்றிக்கொண்ட தேவாலயங்களும் குருமனைகளும் கூரையிழந்து சிதைந்து கிடந்தன. ஆங்கில அரசாங்கத்தின் அனுமதியுடன் அவற்றையே மிசனரிமார் செப்பனிட்டனர். பழைய கற்சுவரின்மேல் பனைமரத் தீராந்திகள் ஏறின, ஓலை வேயப்பட்டது. ஒரு பேரரசின் இடிபாட்டுக்குள் மற்றொரு பேரரசின் அனுமதிச்சீட்டுடன் மூன்றாம் நாட்டார் குடியிருந்தனர் என்பது வெறும் கட்டடச் செய்தியன்று. ஊரவர் கண்ணில் அவ்வீடு முன்னரே 'பறங்கி வீடு'. புதிதாய் வந்தவர்கள் தாம் வேறு என்பதை விளக்கத் தொடங்குமுன்னரே சுவர்கள் பேசிவிட்டன.

யாழ்ப்பாணத்து வீட்டுக்குத் திண்ணை உண்டு. மிசன் வீட்டுக்கு விறாந்தை. இரண்டும் வீட்டின் முன்புறத்தே அமைந்தவையாயினும் இரண்டின் சமூகப் பயனும் வேறு. திண்ணையில் யார் ஏறலாம், யார் முற்றத்தில் நிற்க வேண்டும் என்பதை ஊர் அறியும், சொல்லவேண்டியதில்லை. மிசன் விறாந்தையோ வகுப்பறையாகவும், மருந்து கொடுக்கும் இடமாகவும், விசாரணை மன்றாகவும், கூலி கொடுக்கும் களமாகவும் ஒருங்கே விளங்கியது. பிற ஊர்வீடுகளில் நேர்முகமாக நில்லாத சாதியார் அங்கே ஒரே கூரைநிழலில் நின்றனர். அம்மையாரின் நாள் கழிந்தது பெரும்பாலும் இவ்விறாந்தையிலேயே. கணவர் கிராமங்களுக்குப் போதிக்கச் செல்வார், பாடசாலைகளைப் பார்வையிடுவார், தமிழாசிரியருடன் அமர்ந்து சொற்பொருள் ஆராய்வார். வீட்டுக்கு வருவோரை எதிர்கொள்பவர் மனைவியே. அமெரிக்கச் சபையின் கணக்கில் மிசனரி என்பவர் கணவர், மனைவி 'உதவி'. அவ்வுதவியின் பேச்சுத்தமிழ் எவ்வளவு விரிந்திருக்க வேண்டும் என்பதை இந்நூலைப் படிப்போர் ஊகித்துக் கொள்ளலாம். அகராதிக்கான மூலச் சொற்பட்டியல் நல்லூரிலிருந்த யோசேப் நைற்றிடமிருந்தும் பண்டிதர்களிடமிருந்தும் வந்தது என வரலாறு கூறுகிறது. குசினியிலும் கிணற்றடியிலும் வழங்கிய சொற்கள் வின்ஸ்லோவின் செவிக்கு யார்வழி வந்திருக்கும் என்ற வினாவை எவரும் எழுப்பியதில்லை.

நூலின் ஆகப்பெரிய வெறுமை குசினியிலேதான் இருக்கிறது. உணவு வருகிறது, துணி வெண்மையாகிறது, குழந்தை தூக்கப்படுகிறது, மாட்டுவண்டி ஆயத்தமாகிறது. செய்தவர்கள் பெரும்பாலும் பெயரற்றவர்கள். மனந்திரும்பியவராக மாறும்பொழுதே தமிழர் ஒருவர் நூலுக்குள் முழுமனிதராக நுழைகிறார். அதுவரை அவர் 'புறச்சமயத்தார்' என்னும் திரளின் ஒரு துளி. மிசன் வீட்டின் கதவு இருவகையாகத் திறந்தது போலும்: ஆன்மாவுக்கு முன்கதவு, கூலிக்குப் பின்கதவு. இக்குறை அம்மையாருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அக்காலத் தமிழ்ப் பிரபந்தங்களைப் புரட்டினாலும் சமைத்தவர் பெயர் கிடைப்பதில்லை. யாழ்ப்பாணத்து வேளாள வீட்டில் ஏவல் செய்த குடிமக்களின் நாளாந்தம் எந்த ஏட்டில் எழுதப்பட்டுள்ளது? மிசனரியைக் குற்றக்கூண்டில் நிறுத்துவோர் இவ்வினாவையும் கேட்டுக்கொண்டால் நன்று.

உடுவில் பாடசாலையின் தோற்றம்பற்றி மிசன் நூல்களில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்றுண்டு. பல வடிவங்களில் வழங்கும் அதன் சாரம் இதுவே: மிசன் வீட்டின் அருகே விளையாட வரும் சிறுமியர் இருவர் ஒருநாள் மாலை பெருமழையில் அகப்பட்டு வீடு திரும்ப இயலாது நின்றனர். பசி மிகுந்தது. அம்மையார் கொடுத்த உணவை ஒருத்தி உண்டாள். தேடிவந்த பெற்றோர், கிறித்தவர் வீட்டிற் கைநனைத்த பிள்ளை சாதி கெட்டுவிட்டாள் எனச் சினந்து, இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுச் சென்றனர். அவ்வாறு தங்கியவர்களே விடுதியின் முதன் மாணவியர் என்பது கதை.

கதை நடந்ததா, நடந்தது இப்படியேயா என்பது இங்கே முக்கியமன்று. இது எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதே நோக்கத்தக்கது. மழை பெய்கிறது, எனவே எவரும் எவரையும் பறித்துச் செல்லவில்லை. பெற்றோரே விட்டுச் செல்கின்றனர். எனவே பொறுப்பு மிசனுக்கில்லை. பிள்ளையின் பசி தீர்க்கப்படுகிறது. எனவே அன்பு மட்டுமே மேலோங்கி நிற்கிறது. சாதியின் கொடுமை ஒரே காட்சியில் அம்பலமாகிறது. அதில் உண்மை இல்லையென எவரும் சொல்லார். ஆயின் கதையில் ஒருத்தியைக் காணோம். அவ்விரவு வெறுங்கையுடன் மழையில் வீடு திரும்பிய தாய் என்ன ஆனாள்? அவளுக்குக் கதையில் ஒரு வசனந்தானும் இல்லை. உணவுக்கும் சாதிக்குமிடையே மிசன் எவ்வளவு கவனமாக நடந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதும் கதையால் மறைக்கப்படுகிறது. தொடக்ககால விடுதிப் பாடசாலைகளில் மாணாக்கரின் சாதியாசாரத்துக்கு இடங்கொடுத்தே சமையல் ஒழுங்குகள் செய்யப்பட்டமையைக் கல்வி வரலாறுகள் குறிப்பிடும். ஒரு மழையிரவில் உடைந்ததாகச் சொல்லப்படும் வேலி, உண்மையிற் பல ஆண்டுகள் பேரம்பேசப்பட்ட வேலியாகும்.

இனி நூலின் மையத்துக்கு வருவோம். வின்ஸ்லோ தம்பதியரின் மூத்தமகன் சார்ள்ஸ் 1821இல் யாழ்ப்பாணத்திற் பிறந்தான். மிசனரிப் பிள்ளைகளை என்ன செய்வது என்பது அக்காலக் குடும்பங்களையும் பொஸ்ரனிலிருந்த சபைத் தலைமையையும் ஒருங்கே வாட்டிய பிரச்சினை. பெற்றோர் பகல் முழுதும் பணியில். பிள்ளைகள் ஆயாவிடமும் வேலையாட்களிடமும். தாய்மொழிக்கு முன்னர் தமிழ் நாவில் ஏறிவிடும். எத்தமிழைப் பயின்று மறைநூலைப் பெயர்ப்பதற்காகத் தந்தை இரவும் பகலும் உழைத்தாரோ, அத்தமிழ் மகன் வாயிலிருந்து இயல்பாக வந்தபொழுது வீடு அஞ்சியது. ஏனெனில் மகன் கற்ற தமிழ் பண்டிதரிடம் கற்றதன்று, முற்றத்திற் கற்றது. அதனோடு கதையும் பாட்டும் வசையும் திருவிழாவும் வந்தன. புறச்சமயச் சூழலிற் பிள்ளையின் ஆன்மா கெடும் என்பதே பெற்றோர் சொல்லிக்கொண்ட காரணம். சார்ள்ஸ் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். 1832 மே மாதம், பதினொரு வயதில், நியூயோர்க்கில் இறந்தான்.

அக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் வரக் கப்பலோட்டம் மட்டும் நான்கைந்து மாதம். 1815 ஒக்ரோபர் 23ஆம் நாள் நியூபெரிபோட்டிலிருந்து புறப்பட்ட 'டிரயட்' கப்பல் மிசனரிமாரின் முதற் குழுவைக் கொழும்பில் இறக்கியது 1816 மார்ச் 22ஆம் நாள் என்பதை ஒப்பிட்டுக் காணலாம். ஆகவே மகன் இறந்த பின்னரும் அவன் உயிரோடிருக்கிறான் என்றே நம்பித் தாய் வாழ்ந்த மாதங்கள் உண்டு. அம்மாதங்களில் அவர் அவனுக்காகச் செபித்திருப்பார். அவன் வளர்ந்திருப்பான் என எண்ணிச் சட்டையின் அளவைக்கூட மனத்திற் கூட்டியிருப்பார். மகன் இறந்து எட்டு மாதங்கள் நிறையுமுன் அவரும் இறந்தார்.

இப்பகுதியைக் குறித்து இருவகை வாசிப்புகள் எளிதாக எழக்கூடியன. பக்தியுடன் படிப்போர் இதை ஆபிரகாம் ஈசாக்கைப் பலிகொடுக்கத் துணிந்த நிகழ்வோடு ஒப்பிட்டுக் கண்ணீர் விட்டு நகர்ந்துவிடுவர். தேசிய உணர்வுடன் படிப்போர் இதிற் காண்பது இரட்டை அளவுகோலை: தம் பிள்ளையைத் தமிழ்ச் சூழலிலிருந்து காப்பாற்றக் கடல் கடத்தியவர்கள், தமிழ்ப் பிள்ளைகளை அவர்தம் தாய்மாரிடமிருந்து பிரித்துத் தம் வீட்டில் வைத்தனர். இரண்டாவது வாசிப்பில் நியாயம் உண்டு. 1824ஐயும் சார்ள்ஸின் பயணத்தையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால், ஒரே வீட்டின் ஒரு வாசலால் தமிழ்ச் சிறுமியர் உள்ளே வருவதும் மறுவாசலால் வீட்டுப் பிள்ளை வெளியே போவதும் தெளிவாகத் தெரியும். இரு நகர்வுக்கும் அடிப்படைக் கருத்து ஒன்றே: பிள்ளை வளரும் வீட்டுச் சூழலே அதன் ஆன்மாவைத் தீர்மானிக்கிறது, ஆகவே சூழலை மாற்றவேண்டும்.

ஆயினும் அவ்வாசிப்போடு நின்றுவிடுவது போதாது. போலித்தனம் என்று சொல்லத் தகுதியான செயலில் செய்பவனுக்கு நட்டமில்லை. இங்கோ அக்கொள்கையின் விலையை அம்மையார் தம் வயிற்றிலேயே கட்டினார். விடுதிக்குப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வேலிக்கு வெளியே நின்ற யாழ்ப்பாணத்துத் தாயின் நிலையும், துறைமுகத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு விறாந்தையில் நின்ற அமெரிக்கத் தாயின் நிலையும் உணர்வளவில் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. அந்நெருக்கத்தை அம்மையார் உணர்ந்தாரா? நூல் நேரடியாக விடை கூறவில்லை. கூறாமற்போனதே இந்நூலின் பெருந்தோல்வி என்பது இக்கட்டுரையின் துணிபு. பிரிவைப்பற்றி எழுதும்பொழுது மொழி வேதப்பொருளின் வாய்பாடுகளிலிருந்து சற்று விலகித் தடுமாறுகிறது. அத்தடுமாற்றத்திலேயே அம்மையாரின் குரல் கணவரின் பதிப்பையும் தாண்டிக் கேட்கிறது. இன்னும் ஓர் அடி எடுத்துவைத்து, தம்மிடம் பிள்ளையை விட்டுச்சென்ற மற்றத் தாயைத் திரும்பிப் பார்த்திருந்தால் இது மிசன் இலக்கியத்தின் எல்லையைக் கடந்த நூலாகியிருக்கும். வகையும் காலமும் அவ்வடியை எடுக்க விடவில்லை.

சார்ள்ஸைப் போலன்றி உயிர்பிழைத்த மகள் ஒருத்தியின் கதையையும் இடையே குறிப்பிடலாம். தாயின் பெயரையே பெற்ற ஹரியற் உடுவிலிற் பிறந்து, யோன் வெல்ஷ் டலஸ் என்னும் மிசனரியை மணந்தார். அமெரிக்க இராசாங்கச் செயலாளராயிருந்த யோன் பொஸ்ரர் டலஸும் மத்திய உளவு நிறுவனத்தின் தலைவராயிருந்த அலன் டலஸும் இவர்தம் பேரப்பிள்ளைகள். வல்லரசு அரசியலின் வம்சாவளி ஒன்று உடுவில் விறாந்தையையும் தொட்டுச் செல்கிறது. இதிலிருந்து பெரிய முடிபுகளை வருவிப்போரும் உளர். அது வரலாற்றுக்குச் செய்யும் அவசரம்.

மிசன் வீட்டிற் புகுந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு நேர்ந்தவற்றுள் முதலாவது பெயர்மாற்றம். அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய ஆதரவாளரின் பெயரையோ அவர் விரும்பியவரின் பெயரையோ பிள்ளைக்கு இடும் வழக்கம் இருந்தது. 'உதயதாரகை'யின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மாட்டினும் சேத் பேய்சனும் தமிழரே. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, 'பாவலர் சரித்திர தீபக'த்தை 1886இல் தந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பெயர்களை நோக்குக. ஆண்களுட் பலர் வந்த பெயரை முன்னேயும் பிறந்த பெயரைப் பின்னேயும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஆண்டனர். சிலர் சைவத்துக்கு மீண்ட பின்னும் முன்பெயர் தொடர்ந்தது. பெண்களுக்கு இவ்வசதி வாய்த்ததாகத் தெரியவில்லை. உடுவிலிற் கற்ற பெண்ணுக்கு மிசன் சீதனம் கொடுத்தது; செமினரியிற் கற்ற இளைஞனுக்கு அவளை மணமுடித்தது. சீதனம் என்னும் யாழ்ப்பாணத்து நிறுவனத்தை மிசன் எதிர்த்து நிற்கவில்லை. தானே தந்தையின் இடத்தில் அமர்ந்து அதை நடத்தியது. பெண்கல்வியின் விடிவெள்ளி என உடுவில் புகழப்படும்பொழுது இவ்வுண்மை விடுபட்டுப்போகிறது. புகழ் பொய்யென்பதன்று, அது நடந்த முறை இத்தகையது என்பதே.

வின்ஸ்லோ நூலின் இறுக்கமான காற்றை உணர அதன் காலச்சூழலையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1820இல் தேசாதிபதி பாண்ஸ் புதிய அமெரிக்க மிசனரிமார் வருவதைத் தடுத்தார். அச்சுப்பணிக்கென வந்த யேம்ஸ் கரெற் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். தடை நீங்கிப் புதிய குடும்பங்கள் வந்திறங்கியது 1833இலேயே. இடைப்பட்ட காலம் முழுவதும் விரல்விட்டெண்ணக்கூடிய அதே குடும்பங்கள், அவற்றிலும் சாவு. பூவரின் முதல் மனைவி சூசன் 1821இலும், யேம்ஸ் றிச்சாட்ஸ் 1822இலும் மறைந்தனர். ஒரே சிறு வட்டம் ஒருவர் பிள்ளைப்பேற்றுக்கு மற்றவர் துணையாகவும், ஒருவர் அடக்கத்துக்கு மற்றவர் சாட்சியாகவும் சுழன்றது. அம்மையார் எதிர்பார்த்திருந்த புதியவர்கள் வந்தபொழுது அவர் இல்லை. அவருடைய சகோதரியர் பின்னர் மிசனரி மனைவியராக இப்பகுதிகளுக்கு வந்து சேர்ந்தனர்.

பிற்கால மிசன் நூல்களோடு ஒப்பிடின் வேறுபாடு புலனாகும். கிறீன் வைத்தியரின் வாழ்வும் கடிதங்களும் 1891இல் தொகுக்கப்பட்டன. அங்கே வீடு பின்தள்ளப்பட்டு வைத்தியசாலையும் மொழிபெயர்ப்பு மேசையும் முன்வருகின்றன. தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியும் என்ற ஒரு பெரிய நம்பிக்கை பக்கங்களை நடத்துகிறது. கவிஞர் அம்பி 1967இல் 'கிறீனின் அடிச்சுவடு' எழுதியதற்கும் ஈழத்தவர் கிறீனை எளிதில் தம்மவராக்கிக் கொண்டதற்கும் காரணம் அதுவே. 1890இல் மேரி, மாகிறெற் லீச் சகோதரியர் வெளியிட்ட 'இலங்கையில் ஏழு ஆண்டுகள்' மணமாகாத பெண்கள் தம் பெயரிலேயே எழுதிய நூல். அதில் தயக்கம் இல்லை. நிதி திரட்டும் சுறுசுறுப்பு உண்டு. எழுத்தாற்றலில் லீச் சகோதரியர் விஞ்சி நிற்கலாம். ஆயினும் வின்ஸ்லோ அம்மையாரின் நூலில் உள்ள காயம் அவர்களிடம் இல்லை.

இவ்விடத்தில் எழும் பெருங்குறை தமிழ்த்தரப்பின் மௌனமே. உடுவில் வீட்டில் வளர்ந்த முதற் தலைமுறைச் சிறுமியர் அவ்வீட்டைப்பற்றித் தம் மொழியில் விரிவாக எழுதிய நூல் இலக்கிய வரலாற்றில் இடம்பெறவில்லை. அவர்கள் எழுதக் கற்றனர். ஆயின் எழுதியவை அமெரிக்க வாசகருக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட நன்றிக் கடிதங்களாகவே பெரும்பாலும் வெளிவந்தன. யாழ்ப்பாணத்துக் கிறித்தவக் குடும்ப வாழ்வைப் பெண்ணொருத்தி தமிழிற் புனைகதையாக்கியதைக் காண 1914இல் மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நாவலைச் சமயப் பிரசாரம் என ஒதுக்குவோர் உளர். மிசன் வீடு கற்பித்த பொறுமையும் செபமும் ஒரு தமிழ் மனைவியின் அன்றாடத்தில் எவ்வாறு இறங்கின, எவ்விடத்தில் அவளைத் தாங்கின, எவ்விடத்தில் அவளை வாய்மூட வைத்தன என்னும் நோக்கில் அதை ஹரியற் அம்மையாரின் நூலுக்கு எழுதப்பட்ட மறுமொழியாகப் படிக்கலாம். இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் பாடத்திட்டம் தமிழ்த்துறைகளுக்கு நன்மை பயக்கும்.

மிசன் இல்லத்தின் எச்சம் யாழ்ப்பாணத்தோடு நின்றுவிடவில்லை. ஆங்கிலக் கல்வி பெற்ற குடும்பங்கள் அரசாங்க உத்தியோகத்தைப் பின்தொடர்ந்து கொழும்புக்கு வந்தன. 1890 முதல் 1895 வரை தேசாதிபதியாயிருந்த ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய ஹெவ்லொக் டவுனிலும், அதனை அடுத்த வெள்ளவத்தையிலும், வடக்கே கொட்டாஞ்சேனையிலும் குடியேறியோருட் கிறித்தவத் தமிழரும் அடங்குவர். உணவு மேசை, மாலைச் செபம், ஞாயிறு ஆராதனை, சுவரிற் பெற்றோர் படம், பெண்பிள்ளைக்குத் தையலும் வாசிப்பும் என்று அமையும் அவ்வில்லங்களின் ஒழுங்கு பலவிடத்தும் உடுவில் விறாந்தையை நினைவூட்டுவது. சமயம் மாறாத சைவக் குடும்பங்களும் இவ்வொழுங்கிற் பாதியை எடுத்துக்கொண்டன என்பது சுவையான செய்தி. மிசன் வென்றது ஆலயத்திலா, சாப்பாட்டு மேசையிலா என்பது சமூகவியலார் ஆராயவேண்டியது.

1983 யூலைக்குப் பின்னர் இவ்வீடுகளிற் பல வெறுமையாயின. 1995இன் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபொழுது உடுவிலும் ஆளற்ற ஊராயிற்று. வன்னிக்குச் சென்றோருட் சிலரும் வேறு வழியாக வந்தோரும் வெள்ளவத்தையிலும் ஹெவ்லொக் டவுனிலும் வாடகை அறைகளை நிரப்பினர். அங்கிருந்து பிள்ளைகள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் பிரான்சுக்கும் அனுப்பப்பட்டனர். காரணம் ஆன்மாவைக் காப்பதன்று, உயிரைக் காப்பது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையை முகவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, எந்த நாட்டில் நிற்கிறான் என்பதும் அறியாது தொலைபேசி மணிக்காகக் காத்திருந்த தாய்மார் அவ்வறைகளில் இருந்தனர். ஆதலின் ஹரியற் வின்ஸ்லோவின் நூலை இன்று கையிலெடுக்கும் ஈழத்து வாசகர், 1835இல் நியூயோர்க்கில் அதைப் படித்தவர் அறியாத ஒன்றை அறிந்தவர். வேலிக்கு வெளியே நின்ற தாயின் வழிவந்தவளே, விறாந்தையில் நின்ற தாயின் காத்திருப்பையும் காத்திருந்துவிட்டாள். அம்மையார் எடுத்துவைக்காத அவ்வோர் அடி மறுபுறத்திலிருந்து எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது.

மிரன் வின்ஸ்லோ 1836இற் சென்னைக்குச் சென்றார். அகராதியை முடித்து, தாயகம் திரும்பப் புறப்பட்டு, 1864இல் வழியில் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். 1840இல் உடுவிலுக்கு வந்து பெண்பாடசாலையை நடத்திய எலைசா அக்னியூ ஒருமுறையேனும் அமெரிக்கா திரும்பவில்லை. 1883இல் மானிப்பாயிற் காலமானார். ஹரியற் அம்மையார் உடுவில் மண்ணிலேயே கிடக்கிறார். சார்ள்ஸ் மட்டுமே வீடு போய்ச் சேர்ந்தவன். அவன் பிறந்த வீடு அதுவன்று.